நோட்டீஸ் பலகைக்குக் கீழே ஒரு பெஞ்சு

தர்மபுரி ஜில்லா
14-6-1974

அன்புள்ள மகள் தீர்த்தம்மாளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், செவலைப் பசு சினையாக இருக்கிறது, மழைதான் இன்னும் மனம் வைக்கவில்லை. பிலாயில் வெயில் அதிகம் என்று பேப்பரில் பார்த்தேன், ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போகும்போது தலைக்குத் துணி போட்டுக்கொள். உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை, சலாவுதீன் என்ற பெயரைப் பார்த்து அதிர்ச்சியில் படுத்துவிடவும் இல்லை. வேறொரு காரணம் இருக்கிறது, அதற்கு வருகிறேன். உன் அம்மா கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள், பிறகு அந்தப் பையனுக்குக் கேழ்வரகுக் களி தொண்டையில் இறங்குமா என்று எழுதிக் கேட்கச் சொன்னாள். மதத்தைப் பற்றி அவள் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

மதம் விட்டு மதம் செய்யும் கல்யாணம் நிலைக்குமா, முப்பத்திரண்டு வருஷம் ரிஜிஸ்டர் ஆபீசில் இருந்தவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே சாதி, ஒரே குலதெய்வம், ஒன்பது பொருத்தம் பார்த்துச் செய்த கல்யாணங்களின் பிற்பகுதி முழுவதும் என் மேஜை வழியாகத்தான் போயிற்று. பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், இவளுக்கும் எனக்கும் இனி எந்தச் சம்பந்தமும் இல்லை என்று இரண்டு சாட்சி வைத்து எழுதிய காகிதம், எல்லாவற்றையும் நான்தான் நகல் எடுத்தேன். அதில் ஒன்றிலாவது எங்கள் சாமி வேறு என்பதால் பிரிகிறோம் என்று எழுதியிருந்ததில்லை. சாமி ஒன்றாக இருந்தும் கிணற்றுத் தண்ணீர் முறை யாருக்கு என்பதில் பிரிந்தவர்கள்தான் அதிகம். மதம் விட்டு மதம் செய்த கல்யாணம் எப்படிப் போகும் என்று சொல்ல எனக்கு அனுபவம் போதாது. என் காலத்தில் அப்படி ஒன்றுதான் எங்கள் ஆபீசுக்கு வந்தது, அதுவும் நடக்கவில்லை. நடக்காததற்குக் காரணம் மதம் என்று ஊரில் சொல்வார்கள். காரணம் நான்.

இதை உன் அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை. அறுபத்தொன்றில், நாம் இன்னும் சேலம் ஜில்லாவாக இருந்தபோது, குப்புராஜ் என்ற பையனும் ஷரீபுன்னிசா என்ற பெண்ணும் ஆபீசுக்கு வந்து நோட்டீஸ் கொடுத்தார்கள். அவன் கொத்தமல்லியும் புளியும் மண்டிக்குக் கொண்டுவரும் விவசாயக் குடும்பம், அவள் கடைத்தெருவில் பூட்டு விற்கும் அப்துல் சுபானின் மகள். சட்டப்படி அந்த நோட்டீசை முப்பது நாள் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் மாட்ட வேண்டும், ஆட்சேபணை வராவிட்டால் கல்யாணம். எனக்கு முன்னால் இருந்த எழுத்தர் இம்மாதிரி நோட்டீஸ்களை பீரோவுக்குப் பின்பக்கச் சுவரில் மாட்டுவாராம், பல்லிகள் ஆட்சேபணை சொன்னதில்லை. நான் சட்டம் படித்தவன். வாசல் பலகையில், ஜனங்கள் பத்திரம் பதிய உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே, என் அழகான கையெழுத்தில் எழுதி மாட்டினேன்.

ஒன்பதாம் நாள் அப்துல் சுபான் கடைப் பத்திரம் பதிய வந்தார். கண்ணாடிய வூட்லயே வெச்சிட்டு வந்துட்டனுங்க, புதுசா ஏதோ மாட்டியிருக்கீங்களே, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க என்றார். நான் படிக்க ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில்தான் யாருக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம், இருமியிருக்கலாம், நிலவரி பாக்கி விவரம் என்று பொய் சொல்லியிருக்கலாம். பொது அறிவிப்பைப் பாதியில் நிறுத்துவது முறையில்லை என்று என் மூளை அந்த நேரத்தில் எனக்குச் சொல்லியது. மகள் பெயர், வயது, தகப்பனார் பெயர், கதவு எண் வரை தெளிவாகப் படித்து முடித்தேன். அவர் கத்தவில்லை. நல்லாப் படிச்சீங்க சார் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்த வாரமே பெண்ணை மைசூர் பக்கம் அனுப்பிவிட்டார்கள், அங்கே யாருக்கோ நிக்காஹ் ஆனது என்று கேள்வி. குப்புராஜ் வீட்டார் தங்கள் பங்குக்கு அவனை மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பூட்டினார்கள். பூட்டு அப்துல் சுபான் கடையில் வாங்கியது என்று ஊரில் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம்.

கொட்டகையிலிருந்து எப்படி வெளியே வந்தானோ, முப்பதாம் நாள் காலை பத்து மணிக்குக் குப்புராஜ் வந்தான். சலவை வேட்டி, கையில் வாழையிலையில் சுற்றிய மாலை. சார், முப்பது நாள் ஆயிப்போச்சுங்களா என்றான். ஆச்சு என்றேன். அவ வந்துருவாளுங்க என்று பலகைக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தான், ஆபீஸ் பூட்டும்வரை இருந்தான். அடுத்த மாதமும் வந்து அதையே கேட்டான். மூன்றாம் மாதம் வந்தபோது, நோட்டீசுக்கு ஆயுள் மூன்று மாதம், அது காலாவதியாகிவிட்டது, இனி வரவேண்டாம் என்று விதி எண்ணோடு விளக்கினேன். ரொம்ப நன்றிங்க சார் என்று கும்பிட்டுவிட்டுப் போனான். மறுநாள் அவன் செருப்பு அவர்கள் வயல் கிணற்று மேட்டில் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அதே ஆபீசில் வேலை பார்த்தேன். காலையில் பத்து மணி அடித்ததும் அந்தப் பெஞ்சு கிரீச்சிடும், நிமிர்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள், ஆயிப்போச்சுங்களா என்று மட்டும் கேட்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கையில்லை, அவனுக்கு அது தெரியாது போலிருக்கிறது. ரிட்டயரானால் விட்டுவிடுவான் என்று நினைத்தேன். இப்போது வீட்டில் மோர் குடிக்கும் நேரத்துக்குச் சரியாக வருகிறான்.

இனி உன் விஷயம். ஜூன் மூன்றாம் தேதி பிலாயில் நோட்டீஸ் கொடுக்கப்போகிறோம், அங்கே பலகையில் எழுதியிருப்பதைப் படிக்க நம்மூர் ஆள் யார் இருக்கிறார்கள் என்று தைரியமாக எழுதியிருந்தாய். சட்டத்தை முழுதாகப் படிக்கவில்லை நீ. பெண்ணின் சொந்த ஊர் ஆபீசுக்கும் ஒரு நகல் அனுப்புவார்கள், அங்கேயும் மாட்டுவார்கள். போன திங்கட்கிழமை அது வந்துவிட்டது. என்னிடம் வேலை கற்ற ராஜப்பன்தான் இப்போது எழுத்தர், காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். எங்கீங்க சார் மாட்டட்டும், பீரோவுக்குப் பின்னால ஆணி இன்னும் இருக்குதுங்க என்றான். நகல் வரும் என்று உன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும், இந்தப் பதினைந்து நாளும் பதில் எழுதாமல் நான் யோசித்தது இதைத்தான். ஒளித்தால் ஆட்சேபணை வராது. ஆனால் என் மகள் பெயர் பல்லிக்கு மட்டும் தெரிய வேண்டிய பெயரா. வாசல் பலகையிலேயே மாட்டச் சொன்னேன், அன்றிலிருந்து பெஞ்சில் நான் உட்கார்ந்திருக்கிறேன். படிக்க வருகிறவர்கள் என் தலைக்கு மேலேதான் படிக்க வேண்டும், என் முகத்தைப் பார்த்ததும் பாதிப்பேர் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள்.

நேற்று உன் சித்தப்பன் மாரப்பன் கடத்தூர் பஸ்ஸில் இருந்து இறங்கி நேராக வந்தான். ஊரெல்லாம் என்னமோ பேசுதே, என்னண்ணா எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு என்றான். படித்தேன், உன் பெயரில் இருந்து கதவு எண் வரை, அன்றைக்குப் படித்த அதே குரலில். முடித்ததும், இதற்கு அப்பன் சம்மதம், அது காகிதத்தில் இல்லை, நான் சொல்கிறேன் என்றேன். ஆட்சேபணை எழுதித் தாண்ணா, நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன் என்றான். மதம் வேறு என்பது சட்டத்தில் ஆட்சேபணை இல்லையப்பா, மூளைக்கோளாறு என்றால் உண்டு என்றேன். அப்படியே எழுது என்றான். யாருக்கு என்று எழுத என்று கேட்டேன். அதற்கு அவன் சிரிக்கவில்லை. வூட்டுப் பொண்ண எப்படிக் கூட்டியாறதுன்னு எனக்குத் தெரியும், ரயிலு எல்லா ஊருக்கும் போவுது என்று சொல்லிவிட்டுப் போனான். வாயோடு நின்றாலும் நிற்பான், நம்பி இருக்காதே. ஆகையால் கல்யாணம் முடியும் வரை நர்ஸ் விடுதியை விட்டுத் தனியாக வெளியே போகாதே. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா என்று தந்தி வந்தால் கிளம்பாதே, அவளுக்கு உடம்பு சரியாகத்தான் இருக்கும். வார்டனிடம் இதைச் சொல்லி வை.

ஜூலை நாலாம் தேதி வியாழக்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது இருவரும் சேர்ந்தே படியேறுங்கள். யார் முந்தி வந்தாலும் உள்ளே போகாமல் தெருவில் நிற்கட்டும். முக்கியமாக அந்தப் பையனை ஆபீஸ் பெஞ்சில் தனியாக ஐந்து நிமிஷம்கூட உட்கார வைக்காதே. நிலைக்குமா என்பதை அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் முப்பது வருஷம் இருந்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.

இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒரே வீட்டில், ஒரே சமயத்தில் சண்டை போட்டுச் சமாதானமாகி வாழ உன் அம்மாவும் நானும் மனமார வாழ்த்துகிறோம். களி விஷயத்துக்குப் பதில் எழுத மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
கோவிந்தன்

பி.கு: கல்யாணம் முடிந்த உடனே தந்தி கொடு. வீட்டு விலாசத்துக்கு வேண்டாம், ரிஜிஸ்டர் ஆபீசுக்கு, ராஜப்பன் மேற்பார்வை என்று போடு. நான் பெஞ்சில்தான் இருப்பேன். பதின்மூன்று வருஷமாக ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான், ஆச்சு என்று அவனுக்குச் சொல்ல வேண்டும்.