பாரூர்த் துறைமுகம்

12 ஜனவரி 1954, செவ்வாய்

பம்பாய்க் கப்பல் கம்பெனியிலிருந்து பதில். இங்கிலீஷைப் படித்துச் சொன்னவர் பள்ளிக்கூட வாத்தியார் நாராயணப்பன். பதினோரு வருஷம் கப்பல் அடுப்பில் கரி அள்ளிப் போட்டு நெஞ்சு கெட்டு வந்திருக்கிறேன். எனக்கு நோய்ச் சம்பளம் உண்டாம். ஆனால் அருகிலுள்ள துறைமுகத்தின் அதிகாரி என்னை நேரில் பார்த்துச் சான்று எழுத வேண்டுமாம்.

அருகிலுள்ள துறைமுகம் மெட்ராஸ். அதுவரை போகத் தெம்பிருந்தால் கப்பலுக்கே போயிருப்பேனே!

2 பிப்ரவரி

அதையே எழுதிப் போட்டோம். மெட்ராஸ் போக முடியாது என்பதற்கும் துறைமுக அதிகாரியே சான்று தர வேண்டுமாம்.

முனிலட்சுமி கரும்பு வெட்டிவிட்டு வந்து கேட்டாள்: "ஏங்க, உடம்பு சரியில்லாதது உங்களுக்கா, அவுங்களுக்கா?" சிரித்தேன். அவள் கையெல்லாம் கீறல். நான் சும்மா படுத்திருக்கிறேன். என்ன புருஷன் நான்?

5 பிப்ரவரி

வாத்தியாருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அருகிலுள்ள துறைமுகம் என்ற இடத்தில் எங்கள் ஊர்ப் பேரையே, 'பாரூர்' என்று எழுதிவிட்டார். "ஏரி இருக்குது, தண்ணி இருக்குது. இன்னும் என்ன வேணும்?"

அதிகாரி? ஏரி மதகைத் திறந்து மூடும் முனிவேல் அண்ணன்தான். தண்ணீர்த் தகராறில் அப்பா காலத்திலிருந்து அவரோடு பேச்சில்லை. முனிலட்சுமி போய்க் கூப்பிட்டாள். வந்தார். வாசலிலேயே நின்றார். "பொய்க் கையெழுத்து போடமாட்டேன்."

பிறகு என்ன நினைத்தாரோ, குனிந்து என் நெஞ்சில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

"இது பொய்யில்ல கரியப்பா," என்றார். போட்டார்.

16 மார்ச்

சம்பளம் வந்துவிட்டது! கம்பெனி நம்பிவிட்டது. மாதாமாதம் பாரூர்த் துறைமுக அதிகாரி சான்று அனுப்ப வேண்டுமாம். முனிலட்சுமி முதலில் சிரித்தாள், அப்புறம் அழுதாள், அப்புறம் அரிசி வாங்கப் போனாள்.

9 ஏப்ரல்

முனிவேல் அண்ணன் பேருக்கே கடிதம். ஆறாயிரம் டன் கப்பல் ஒன்றுக்கு அடிப்பாகத்துப் பாசி சுரண்ட வேண்டும், பாரூரில் இடம் உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். பாம்பைப் பிடித்து வருவதுபோல அதைக் கொண்டுவந்தார்.

"ஏன்டா, நெசமாவே கப்பல ஓட்டிக்கினு வந்துட்டா?"

இருமல் வரும்வரை சிரித்தேன். வாத்தியார் பதில் எழுதினார்: 'கோடைகாலம். தண்ணீர் போதாது.' அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

1 மே

அண்ணன் தன் உத்தியோகத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சான்று எழுதுமுன் என்னை ஏரிக்கரையில் நடக்கவைக்கிறார். இன்று நாற்பது அடி. "உக்காரு, மூச்சு வாங்கு. சட்டுனு எழுதிட முடியுமா?"

3 ஜூலை

இருநூற்றுப் பத்து அடி. இளைப்பாறும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்கப்பன் கேட்டது நாயந்தான். அன்னிக்கு எனக்குத் திமிரு."

எழுந்து அவரோடு திரும்பி நடந்தேன்.

11 செப்டம்பர்

ஓரிடத்திலும் உட்காராமல் மதகுவரை நடந்துவிட்டேன்.

அண்ணன் காகிதத்தை எடுத்தார், எழுதவில்லை. "நீ என்ன சொல்றியோ அத எழுதறேன்."

உண்மையை எழுதினால் சம்பளம் நிற்கும். இன்னும் ஒரு மாதம், இரண்டு மாதம் — யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மனிதர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசத்தயே எழுதுங்கணா."

வாத்தியார் இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தார்: 'கப்பல் வேலைக்கு ஆகமாட்டார். கரையில் மூச்சு வாங்காத வேலைக்கு ஆவார்.' கையெழுத்துப் போட்டுவிட்டு அண்ணன் சொன்னார்: "கெழக்கு மதகுக்கு ஆள் வேணுமாம். ஓவர்சியர்கிட்ட உன் பேர சொல்லி வெச்சிருக்கறேன்."

20 செப்டம்பர்

விடிந்ததும் கிழக்கு மதகைத் திறந்தேன். வீட்டுக்கு வந்து, இன்று கரும்பு வெட்டப் போகவேண்டாம் என்று முனிலட்சுமியிடம் சொன்னேன். திரும்பப் படுத்தாள். பொழுது ஏறிவிட்டது, இன்னும் தூங்குகிறாள். எழுப்பவில்லை.