விற்காத முட்டைகள்

1931 மார்ச் 4
தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் வேலை இன்றும் அரை நாள்தான். ரப்பர் விலை விழுந்துகொண்டே இருக்கிறது. "ஊருக்குப் போறவங்களுக்குக் கப்பல் இனாம்லா, பேர் குடுக்குறியா?" என்று கணக்கு எழுதும் கிராணி கேட்டார். வீட்டில் சொன்னேன். சீதாலெட்சுமி கோழிகளை அடைத்துக்கொண்டே, "கோழிக்கும் இனாமா?" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்ய.

மார்ச் 9
பேர் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் கப்பல். சீதாலெட்சுமியிடம் சொன்னேன். சோறு மட்டும் போட்டாள்.

மார்ச் 15
முட்டைக் கூடையோடு பட்டணத்துப் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினாள். ரயிலில் நானும் துணைக்குப் போனேன். ரயில்வே குவாட்டர்ஸில் கேத்தரின் என்று ஓர் அம்மா. மகள் பெரியவளாகியிருக்கிறாளாம். "பச்சையா நல்லெண்ணெயோட குடுக்கணும். கடை முட்டை எத்தனை நாள் கப்பல்ல கெடந்துச்சோ. நாட்டுக்கோழி முட்டைதான் வேணும்." கூடையோடு வாங்கிக்கொண்டார். பக்கத்து வீடுகளிலும் கேட்டார்கள், கொடுக்க இல்லை. திரும்பும்போது காசை முந்தானையில் முடிந்துகொண்டு சிரித்தாளே ஒரு சிரிப்பு — கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை, கள்ளி.

ஏப்ரல் 2
இப்போது வாரம் இரண்டு நடை. தோட்டத்து ஆட்கள் இருக்கும் லயத்து வீடுகளின் முட்டையெல்லாம் இவள் கூடையில்தான். வேலை போன நல்லம்மாள் வீட்டில் மறுபடி அடுப்பு எரிகிறது. ஆனால் எங்கள் வீட்டில் யாரும் முட்டை தின்பதில்லை. மகள் தனம் ஒன்று கேட்டாள். "அது ரயிலுக்குப் போற முட்டைடி" என்றாள் அம்மாக்காரி. பிள்ளைக்கு ஒரு முட்டை கொடுக்க முடியாத பிழைப்பு ஒரு பிழைப்பா? ஊருக்கே போய்விடலாம்.

ஏப்ரல் 18
தனம் பெரியவளாகிவிட்டாள்.
நேரமாகிறதே என்று கூடையைத் தூக்கினேன். சீதாலெட்சுமி வாங்கிக் கீழே வைத்தாள். "நம்ம கோழி முட்டை இனி நம்ம புள்ளைக்கி. போய்ச் சொல்லிட்டு வாங்க."
கேத்தரின் அம்மா கோபித்துக்கொள்வார், வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனேன். அவர் உள்ளே போய் ஒரு புட்டி நல்லெண்ணெயோடு வந்தார். "எம் மகளுக்கு முட்டை உங்க வீட்டுலேர்ந்து வந்துச்சு. உங்க மகளுக்கு எண்ணெய் இங்கேருந்து போகட்டும். சடங்கு முடிஞ்சதும் கொண்டாங்க. நாங்க காத்திருக்கோம்லா."
கண் கலங்கிவிட்டது எனக்கு. வழியில் கிராணியிடம் நின்று, கப்பலுக்குக் கொடுத்த பேரை அடித்துவிடச் சொன்னேன்.

ஏப்ரல் 28
கப்பல் இன்று போயிற்று. நான் கோழிக்கூட்டுக்கு இன்னொரு அடுக்கு அடித்துக்கொண்டிருந்தேன். மறைப்புக்குள்ளிருந்து தனத்தின் சிணுங்கல்: "மறுபடியும் முட்டையாம்மா? போதும்மா." சீதாலெட்சுமி விடவில்லை.