பொண் பார்க்க வந்தபோது சொன்ன ஓம்

2014 ஓகஸ்ட் 23, சனி

சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் டியூஷன் பிள்ளைகளுக்கு இன்று ஏமாற்றுவதற்கான ஆங்கிலச் சொற்களைப் படிப்பித்தேன். பரீட்சையில் செய்தால் சீட்டிங், வியாபாரத்தில் ஃப்ரோட், சீட்டாட்டத்தில் பிளஃப். "வெள்ளைக்காரனுக்கு நிறையத் தேவைப்பட்டிருக்கு டீச்சர்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம்.

மாலையில் கனமூலை ஊரிலிருந்து மாமியார் வந்தார். எனக்கு நிக்காஹ் முடிந்து ஒரு மாதம்; மாப்பிள்ளை, அவருடைய மகன், கட்டாருக்குத் திரும்பிப் போய்விட்டார்.

"இனி வகுப்பு வேணாம் மகள். ஊர் கதைக்கும்."

"பொண் பார்க்க வந்த அண்டைக்கு, ஓம், படிப்பிக்கட்டும் எண்டு நீங்கதானே சொன்னீங்க மாமி?"

"பொண் பார்க்க வந்த இடத்தில ஆராவது இல்லை எண்டு சொல்லுவாங்களா?" சிரித்தபடியே தட்டிலிருந்த தொதல் இனிப்பில் இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் உம்மாவிடம் அழுதேன்.

"அது சும்மா சொன்ன ஓம் எண்டு எனக்கு அப்பவே தெரியும். சொல்லியிருந்தா நீ சம்மதிச்சிருப்பியா?"

சம்மதமா என்று வாப்பா கேட்டபோது என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் உம்மா. மாமி சொன்னதைவிட இதுதான் உறங்க விடவில்லை. காலையில் படிப்பித்த சொற்களில் ஒன்றையும் உம்மாவின் மேல் வைக்க மனம் வரவில்லை. வைக்காமலும் இருக்க முடியவில்லை.

நாளை பிள்ளைகளிடம் ஏதாவது காரணம் சொல்லி வகுப்பை நிறுத்த வேண்டும். சுகமில்லை என்பேன். நம்பிவிடுவார்கள்.