ஓடும் லாரியில் அவர் சிரிப்பு

வியாழன், இரவு.

எடுத்துவிட்டேன்! சங்ககிரி பைபாஸில் எங்கள் வாசலைத் தாண்டும் வண்டிகளைத் தினமும் போனில் படம் எடுக்கிறேன். போர்வெல் போடும் ஒவ்வொரு ரிக் லாரியிலும் யாரோ ஒருத்தியின் வீட்டுக்காரர் போகிறார். "இந்தப் பொகையில என்னத்தக் கண்ட?" என்பார் மாமியார்.

மதியம் என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். ஆந்திராவில் போர்வெல் வேலை முடிந்து நேராகக் கேரளா போகிறார்களாம்.

"ஊட்டு வழியாத்தான் வாரேன். வண்டிய நிறுத்த மாட்டாங்க."

"நீங்க சிரிச்சுட்டு வாங்க, அது போதுமுங்க."

லாரி வேகம் குறையாமல்தான் வந்தது. தினமும் எடுத்த பழக்கத்தில் சட்டென்று அழுத்தினேன். ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, வாயெல்லாம் பல்லாக அவர்! துளிகூடக் கலங்காத படம். பல மாதம் கழித்துப் பார்த்த முகம்.

போனை வாங்கிய மாமியார் இன்னும் தரவில்லை. மகன் முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.