இரண்டாவது பூட்டு

பிப்ரவரி 3, திங்கள்

பூட்டை எங்கே வைப்பது? இன்று முழுக்க இதே யோசனை. போன மாதம் ரயில் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் என் பின்விளக்கை யாரோ கழற்றிக்கொண்டு போனதிலிருந்து, குதிரை லாடம் போல் வளைந்த இரும்புப் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். ஒன்றரைக் கிலோ. பையில் போட்டால் சாப்பாட்டு டப்பாவை நசுக்குகிறது. ஹேண்டில்பாரில் தொங்கவிட்டால் ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலில் இடிக்கிறது. கேரியரில் கட்டினால் தெரு முழுக்கக் கடகடவென்று சத்தம். வரைபடப் பிரிவில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியும், என் வருகையை ஊருக்கு அறிவிக்கும் ஒரே பொருள் இந்தப் பூட்டுதான்.

பிப்ரவரி 5, புதன்

நிலையத்தின் எதிரே உள்ள சைக்கிள் கடைக்காரர் வண்டிச் சட்டத்தில் ஒரு கிளாம்ப் மாட்டினார். பூட்டை அதில் அழுத்தினால் 'டிக்' என்று உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் சட்டத்துக்கும் கிளாம்புக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டர் இடைவெளி. அவர் விட்டுவிடப் பார்த்தார். நான் விடவில்லை. பழைய சிவப்பு டியூப்பை நாடாவாக வெட்டிச் சட்டத்தில் சுற்றி, பெயின்ட் உரசாமல் இருக்கப் பூட்டின் கைகளிலும் சுற்றச் சொன்னேன்.

"என்ன சார், இன்னும் ரெண்டு சாமான் மாட்டினா இந்த வண்டியிலயே குடித்தனம் பண்ணலாம் போலிருக்கே!"

சிரிக்கவில்லை. அரைகுறை வேலையைச் சிரித்தே சமாளித்தவர்கள்தான் ஆபீசில் எனக்கு மேலே போய் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 6, வியாழன்

சத்தம் இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

நிறுத்தத்தின் கடைசி வரிசையில் ஒரு பச்சை சைக்கிள். வண்டி புதிது, மணி பழையது. பித்தளை மணி, மூடியில் ஒரு சொட்டை. என் மகள் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாகக் கீழே விழுந்த அன்று ஏற்பட்ட சொட்டை. மணியை வாங்கித் தந்தவன் நான். இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள், மணியை மட்டும் பழைய வண்டியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறாள்.

என்ன தப்பு செய்தேன்? குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே மேலதிகாரி என் கல்லூரித் தோழன். என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவன். இன்று காரில் போகிறான். போன் செய்து, "உன் பொண்ணு எப்படிடா?" என்றான். "கெட்டிக்காரி. ஆனா பொறுமை கிடையாது" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? வேலை கிடைக்கவில்லை. அவள் வீட்டைவிட்டுப் போய், நிலையத்துக்கு அந்தப் பக்கம் தோழியோடு அறை எடுத்துக்கொண்டாள்.

போகட்டும். பூட்டைச் சொல்ல வந்தேன். ஷூ லேஸ் மாதிரி ஒரு கம்பிப் பூட்டு, அதுவும் முன்சக்கரத்தில் மட்டும். அச்சில் இருக்கும் நெம்புகோலைத் தள்ளினாலே கழன்றுவிடும் சக்கரம். சக்கரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எவனும் தோளில் போட்டுக்கொண்டு போகலாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

மனைவியிடம் சொன்னேன். "உன் பொண்ணுகிட்ட சொல்லு, பூட்டைச் சக்கரத்துல மட்டும் போடக் கூடாது. சட்டத்தையும் சேர்த்து, தரையில நட்டிருக்கிற கம்பியோட போடணும்."

"என் பொண்ணா? உங்களுக்கு என்ன, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

ஆனாலும் போன் செய்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும், "என்ன சொன்னா?" என்றேன்.

"'அப்பா சொன்னாரா?'ன்னு கேட்டா. ஆமான்னேன். 'சரி'ன்னுட்டா."

பிப்ரவரி 12, புதன்

முன்சக்கரத்தில் மட்டும்தான் பூட்டியிருக்கிறாள். 'அம்மா சொன்னாள்' என்றிருந்தால் கேட்டிருப்பாளோ?

பிப்ரவரி 14, வெள்ளி

அவள் வண்டிக்கு இரண்டு வண்டி தள்ளி, கம்பியில் ஒரு தனிச் சக்கரம் தொங்குகிறது. பூட்டு போட்டது போட்டபடி. சைக்கிள் இல்லை. எவருடையதோ. நான் சொன்னது இதைத்தான். யாரிடம் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 15, சனி

இரண்டாவது பூட்டு வாங்கினேன். "இருக்கறதுலயே யாராலயும் அறுக்க முடியாத பூட்டாக் குடுங்க" என்றேன். கடைக்காரர் உள்ளேயிருந்து ஒன்று எடுத்து வந்தார். "இதை அறுக்கணும்னா திருடனுக்கே அழுகை வந்துரும் சார்." சீட்டுக்குக் கீழ்க் குழாயில் இன்னொரு கிளாம்ப். அதற்கும் பூட்டின் கைகளுக்கும் சிவப்பு நாடா. இந்தத் தடவை நான் சொல்லாமலே சுற்றினார்.

பிப்ரவரி 17, திங்கள்

எட்டு ஐந்து ரயிலில் அவள் வேலைக்குப் போகிறாள். எட்டரைக்கு நான். நடுவே இருபத்தைந்து நிமிடம். அவள் வண்டியின் சட்டத்தையும் பின்சக்கரத்தையும் கம்பியோடு சேர்த்து என் பூட்டைப் போட்டேன். மாலையில் ஐந்து ஐம்பதுக்கு நான் வந்து இறங்குகிறேன், ஆறு இருபத்தைந்துக்கு அவள். அதற்குள் கழற்றி என் வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். தெரிந்தால் 'அப்பா பூட்டினாரா?' என்று வேறு கேட்பாள்.

மூன்று கிலோ இரும்போடு மேட்டில் மிதிக்கிறேன். மூச்சு வாங்குகிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

ஐந்து நாள். வெளியே தெரிந்தால் சிரிப்பார்கள். வாரம் முழுக்க ஆபீசில் யார்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேலாளர் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு சந்தேகம் கேட்டார். அடுத்த ரயிலைப் பிடித்து, நிறுத்தத்துக்கு ஓடி, சாவியைத் தலைகீழாக நுழைத்து, மறுபடி நுழைத்து — நான்கு நிமிடம். நான்கே நிமிடம் முந்திவிட்டேன். தூணுக்குப் பின்னால் நின்று அவள் வருவதைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 27, வியாழன்

ஐந்து ஐம்பது. அவள் வண்டி இல்லை. என் பூட்டும் இல்லை. தரையில் இரும்புத் தூள், உடைந்த ரம்பப் பல் ஒன்று. திருட்டுதான் என்று நினைத்தேன். பாழாய்ப்போன மனம், 'நான் அப்போதே சொன்னேனே' என்றுகூட நினைத்தது.

வீட்டில் மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எவனோ ஒரு பொறுக்கி அவ சைக்கிளைப் பூட்டி வெச்சிட்டுப் போயிட்டானாம். இன்னைக்கு மூணு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. அதே குடிநீர் ஆபீஸ், அதே வேலை. அரை நாள் லீவு போட்டு ஒண்ணே முக்காலுக்கு வந்து பாத்தா, வண்டியை எடுக்க முடியல. 'திருடனுங்க இப்படித்தான் பண்ணுவானுங்க, விட்டுட்டுப் போனா திரும்பி வந்து தூக்கிடுவானுங்க'ன்னு கடைக்காரர் சொல்லிட்டாராம். 'அஞ்சே நிமிஷம், அஞ்சே நிமிஷம்'னு அறுத்திருக்கார். இவ போய்ச் சேர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

"இன்டர்வியூவா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்கு? யாருகிட்டயாவது வாய விடறதுக்கா?"

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. கை கழுவப் போனேன். வந்து உட்கார்ந்தேன். மறுபடியும் எழுந்து போய்க் கழுவினேன்.

மார்ச் 1, சனி

சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

கடைக்காரர் என்னைக் கண்டதும் கையைத் தட்டிக் கூப்பிட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், நீங்க வாங்கினீங்களே, அதே பூட்டு! எவனோ ஒரு பொண்ணு வண்டியில போட்டுட்டான். நானே அறுத்தேன். ஒண்ணேகால் மணி நேரம் சார்! மூணு பிளேடு போச்சு. நல்ல பூட்டுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?"

அவர் கண் என் வண்டியின் காலிக் கிளாம்பில் போய் நின்றது. அவருடைய குரல் மெல்ல இறங்கியது.

"சிவப்பு டியூப் சுத்தியிருந்துச்சு. அறுக்கறப்பதான் பார்த்தேன். 'இது யாருக்கு வித்தீங்க?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. 'ஒரு சார், ஒல்லியா இருப்பார், எப்பவும் யாரையாவது திட்டிக்கிட்டே இருப்பார்'னேன். அதுக்கப்புறம் அது அவசரப்படவே இல்ல சார். அறுத்து முடிக்கிற வரைக்கும் பொறுமையா பக்கத்துலயே நின்னுச்சு."

பொறுமையா. அவர்தான் சொன்னார். நான் சொல்லவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மாலையில் வந்து பார்த்தால், என் வண்டியின் இரண்டாவது கிளாம்பில் அந்தப் பூட்டு. ஒரு கை அறுபட்டது. துண்டுக் காகிதம் எதுவும் இல்லை, ஒரு வரிகூட எழுதவில்லை. எடுத்துப் பார்த்தேன். 'டிக்' என்று உட்காரும் வரை சரியாக அழுத்தித்தான் மாட்டியிருக்கிறாள்.

மார்ச் 5, புதன்

தோழனுக்கு நானே போன் செய்தேன். கல்லூரியை விட்ட பிறகு அவனை நானாகக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அவ லேட்டா வந்தது என்னாலதாண்டா, நான்தான் அவ சைக்கிளைப் பூட்டினேன். அவ மேல தப்பில்ல."

"நீயா? உன் பொண்ணு சைக்கிளை நீ எதுக்குடா பூட்டின?"

ஐம்பத்திரண்டு வயது, இரண்டு பட்டம். ஒரு வாக்கியம் வரவில்லை. "அவளை இன்னொரு தடவை கூப்பிடு. அன்னைக்கு நான் சொன்னதும் தப்பு. அவ பொறுமைசாலி" என்றேன்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா. இப்ப லிஸ்ட் மேல போயிடுச்சு. என் கையில ஒண்ணும் இல்ல." கேலி செய்வான் என்று நினைத்தேன். செய்யவில்லை. செய்திருக்கலாம்.

பிறகு மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும். அன்னைக்கே சொல்லிட்டா. நீங்களா வாயத் திறக்கறீங்களான்னு பார்த்தேன்."

"அப்ப பொறுக்கின்னு சொன்னது?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

மார்ச் 7, வெள்ளி

கடைசி வரிசை காலி.

மார்ச் 12, புதன்

இன்றும் இல்லை. நடந்துதான் வருகிறாளாம். மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை.

மார்ச் 15, சனி

இரண்டாவது கிளாம்பைக் கழற்றினேன். திருகு இறுகிப்போயிருந்தது, அரை மணி நேரம் ஆயிற்று. நாடா சுற்றியிருந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அறுபட்ட பூட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இப்போதைக்கு மேஜை டிராயரில், அதன் சாவியோடு.

மார்ச் 19, புதன்

இன்று பச்சை சைக்கிள் நின்றது. புதுப் பூட்டு. அவளே வாங்கியது. சட்டம், சக்கரம், கம்பி — மூன்றையும் சேர்த்துப் பூட்டியிருந்தாள். பித்தளை மணி அப்படியே இருந்தது.

இழுத்துப் பார்க்கக் கை போனது. கையை இழுத்துக்கொண்டேன். என் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், அவள் வண்டி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் தெரியாத வரிசையில் விட்டேன்.