சரக்கின் மேல் நீ போட்ட கோடு

இன்று காலை, சம்பந்தி வீட்டிலிருந்து வந்த அட்டைப் பெட்டியை, என் வீட்டுக்கு வந்திருக்கும் மகள் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. உள்ளே பதினெட்டுப் பட்டுப்புடவைகள். ஜவுளிக் கம்பெனிக்காக அவள் மாமனார் அடகு வைத்து மூழ்கடித்த அவளுடைய நகைக்கு ஈடாம். ஒன்றை எடுத்து உதறினேன். மடிப்போடு கிழிந்து இரண்டு துண்டாகக் கையில் நின்றது. உடனே உன் மேல்தான் கோபம் வந்தது. நீ செத்து ஒரு வருஷமாகிறது, இருந்தாலும் வந்தது.

நான் ஆரணிக்காரன். உத்தரம் வரை புடவை அடுக்கியிருந்தால் அதுதான் பணம் என்று நம்புகிறவன். சம்பந்தம் பேசப் போன அன்று சம்பந்தியின் புடவைக் கடையைப் பார்த்து வாயைப் பிளந்தேன். "எங்க கம்பெனி கணக்கு, நல்லா பாத்துக்கோங்க" என்று பேலன்ஸ் ஷீட்டையே நீட்டினார். சைக்கிள் கடைக்காரனுக்கு அதில் என்ன தெரியும்? பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டதா, நான் அதைக் கைவிட்டேனா என்பதே இன்னும் தீரவில்லை. சிநேகிதன் என்று கூட வந்த நீதான் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா.

திரும்பும் வழியில் டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் கணக்கில் சரக்கு என்ற வரியைச் சிவப்புப் பேனாவால் கோடு போட்டு அடித்தாய்.

"ஒரு வருஷத்துல கட்ட வேண்டிய கடன் ஒரு ரூபான்னா, கைல ஒன்றரை ரூபா கீதுன்னு காட்றாரு. சரக்கை எடுத்துட்டுப் பாரு, நாப்பது பைசாதான். சரக்கு ஏறிகினே போவுது, விக்கிறது எறங்கிகினே போவுது. அடுக்கி வெச்ச புடவைல மடிப்பெல்லாம் கறுத்துப் போச்சு, பாக்கல?"

"இன்னாடா பேஜார் பண்றே? பொண்ணு கல்யாணத்தைக் கெடுக்கவா வந்தே?" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

"சரி, உன் இஷ்டம்." பேனாவை மூடி என் சட்டைப் பையில் செருகிவிட்டு எழுந்துவிட்டாய்.

அந்தச் 'சரி'தான் எனக்கு ஆறவில்லை. டீயில் சர்க்கரை குறைந்தால் முதலாளியைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிறவன், இதற்கு மட்டும் ஏனடா அடங்கினாய்? என் சட்டையைப் பிடித்திருக்கலாம். என் மகளிடமே போய்ச் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு சிரித்துக்கொண்டு சுற்றினாயே, எப்படி முடிந்தது? உன்னைத் திட்டுவது வசதியாகத்தான் இருக்கிறது. 'கத்தினது யாரு?' என்று நீ திருப்பிக் கேட்க முடியாது.

மதியம் சம்பந்தியே வந்தார். பேங்கில் புதுக் கடன் வாங்கப் போகிறாராம். என் வீட்டுப் பத்திரத்தை வைத்து நான் ஜாமீன் போட வேண்டுமாம். "சரக்கு நெறைய கீதுங்க சம்பந்தி, பயப்படாதீங்க" என்று இந்த வருஷக் கணக்கை முன்னால் வைத்தார்.

உன் பேனாவை எடுத்தேன். சரக்கு வரியை அடித்தேன். மிச்சத்தைக் கடனால் வகுக்கப் போய், கால்குலேட்டரில் மூன்று தடவை மூன்று விடை வந்தது. மகள் அதைப் பிடுங்கிக் கணக்குப் போட்டாள். "பதினோரு பைசாப்பா."

"இன்னாங்க இது, சொந்தத்துக்குள்ள?" என்றார் சம்பந்தி.

கிழிந்த புடவையின் இரண்டு துண்டையும் அவர் மடியில் வைத்தேன். "இதாங்க உங்க சரக்கு. நான் கையெழுத்து போட மாட்டேன்."

"அப்ப உங்க பொண்ணு எங்க வூட்ல வாழ வேணாமா?"

நீயாக இருந்தால் இந்த இடத்தில் 'சரி' என்று பேனாவை மூடியிருப்பாய். நான் மூடவில்லை. அவர் போன பிறகும் மூடாமலே பையில் செருகியிருக்கிறேன். சட்டையெல்லாம் சிவப்பு. சிரிக்காதே.