நாற்பத்தொன்று என்ற எண் தொடர்பாக

அனுப்புநர்
செயலாளர்,
பார்வையற்ற வாசகர் சங்கம்,
அறை எண் 3, கீழ்த்தளம்,
பொது நூலகக் கட்டிடம்.

பெறுநர்
கட்டிட ஒதுக்கீட்டு அலுவலர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: வாசிப்பறையைத் திரும்பப் பெறும் ஆணையை நிறுத்திவைக்கவும், மறு ஆய்வு செய்யவும் கோருதல் – ஆணைக்கு அடிப்படையான உறுப்பினர் எண்ணிக்கையை நான் தவறாகக் கொடுத்தது – தொடர்பாக.

சான்று: 1. எங்கள் ஆண்டறிக்கை, செப்டம்பர். 2. தங்கள் நேராய்வுக் குறிப்பு, ஜனவரி 22. 3. தங்கள் ஆணை, பிப்ரவரி 27.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. அறை எண் மூன்றைக் காலி செய்து, இம்மாதம் 31ஆம் தேதிக்குள் சாவியை ஒப்படைக்கும்படி ஆணையிட்டிருக்கிறீர்கள். ஆணையில் இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டுள்ளன. முதலாவது, செயலில் உள்ள உறுப்பினர்கள் நாற்பத்தொருவர் மட்டுமே. விதிப்படி நூறு பேர் இருக்க வேண்டும். இரண்டாவது, அறை பயன்பாட்டில் இல்லை: நேராய்வு நாளில் அறையில் இருந்தவர்கள் நால்வர். பிரெய்ல் நூல்கள்மீது தூசி படிந்திருந்தது. இவற்றை நான் மறுக்கவில்லை. தாங்கள் கண்டதைத்தான் எழுதினீர்கள். தாங்கள் கண்டது எப்படி உண்டாயிற்று என்பதைச் சொல்லவே இம்மனு.

2. எங்கள் அஞ்சல் பட்டியலில் 312 முகவரிகள் இருந்தன. பெரும்பாலோர் பார்வையற்றவர்கள். மீதிப் பேர் புரவலர்கள், தன்னார்வலர்கள், உறுப்பினர்களின் வீட்டார். நான் பொறுப்பேற்கும்வரை சங்கத்தின் செய்திகள் இரண்டு வழிகளில் போயின. ஒன்று, அலங்காரம் ஏதும் இல்லாத சாதாரண மின்னஞ்சல். மற்றது, வியாழக்கிழமை தொலைபேசி. ஓய்வு பெற்ற டெலிபோன் ஆபரேட்டர் ஒருவர் எங்கள் உறுப்பினர். அவருக்கும் பார்வை கிடையாது. எல்லோருக்கும் அவர் ஆபரேட்டர் சார். எண்களை மனப்பாடமாக வைத்திருப்பார். காலையில் உட்கார்ந்தால் மாலைவரை ஒவ்வொருவராக அழைத்துச் செய்தியைச் சொல்வார். யாருக்குக் காய்ச்சல், யாருடைய பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்பதும் கூடவே போகும்.

3. எனக்கு அது வெட்கமாக இருந்தது. இதை எழுதுவது அவசியமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன். பிற சங்கங்களின் செய்திமடல்கள் வண்ணத்தில் வந்தன. எங்களுடையது அலுவலகச் சுற்றறிக்கை போல இருந்தது.

4. சென்ற ஏப்ரலில், சிறு அமைப்புகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஐந்து செய்திமடல் கருவிகளை ஒப்பிட்டு ஓர் அட்டவணை செய்தேன். விலை. தோற்றம். பயன்படுத்த எளிதா. எத்தனை பேருக்கு அனுப்பலாம். எத்தனை பேர் திறந்தார்கள் என்று சொல்லுமா. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மதிப்பெண். எல்லாக் கட்டங்களையும் நிரப்பினேன். பார்வையற்ற ஒருவரிடம் கொடுத்துச் சோதித்தது உண்டா என்று ஒரு கட்டம் அதில் இல்லை. என் கைப்பேசியில் சோதித்தேன். அழகாக இருந்தது. அதிக மதிப்பெண் பெற்ற கருவியைத் தேர்ந்தெடுத்தேன்.

5. ஆபரேட்டர் சாரிடம், "இனிமே நீங்க கஷ்டப்பட வேண்டாம் சார், எல்லாம் தானா போயிடும்" என்றேன். "சரிம்மா. வியாழக்கிழமை காது குடைஞ்சிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார் என்று நினைத்துக்கொண்டேன்.

6. அந்தக் கருவியில் ஒரு வசதி உண்டு. தொண்ணூறு நாட்கள் மடலைத் திறக்காதவர்களை அது பட்டியலிலிருந்து தானாகவே நீக்கிவிடும். வேண்டும் என்றால் டிக் செய்ய வேண்டும். டிக்குக்குக் கீழே விளக்கம் இருந்தது. அதைப் படித்தேன். படிக்காமல் செய்த தவறு என்றால் எனக்கு இன்று கொஞ்சம் வசதியாக இருக்கும். ஆர்வம் இல்லாதவர்களுக்கு அனுப்பி என்ன பயன் என்று நினைத்தேன். டிக் செய்தேன்.

7. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை 271 பேர் நீக்கப்பட்டார்கள். கருவி எனக்கு வாழ்த்து அனுப்பியது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. உங்கள் பட்டியல் இப்போது ஆரோக்கியமாக இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதுவரை நூற்றில் பதின்மூன்று பேர் திறந்துகொண்டிருந்த மடலை அடுத்த இதழிலிருந்து தொண்ணூற்றாறு பேர் திறந்தார்கள். செயற்குழுவில் அந்த வரைபடத்தைக் காட்டினேன். கைதட்டினார்கள்.

8. ஆகஸ்ட்டில், வாசிப்பறை திறக்கும் நாளை ஞாயிறிலிருந்து புதன், சனிக்கு மாற்றினேன். செய்திமடலில் அறிவித்தேன். போதாதென்று, கதவிலும் ஓர் அறிவிப்பை ஒட்டினேன். அச்சிட்ட தாள். பெரிய எழுத்து. இந்த வரியை மட்டும் தாங்கள் இரண்டு முறை படிக்க வேண்டுகிறேன். பார்வையற்றோர் வாசிப்பறையின் கதவில் அச்சிட்ட தாள் ஒட்டினேன். அதைக் கடந்து அந்த அறைக்குள் ஆறு மாதம் போய் வந்தேன்.

9. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தவர்கள் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். சட்டம் படிக்கும் மாணவி ஒருத்தி இரண்டு பேருந்து மாறி நான்கு ஞாயிறுகள் வந்திருக்கிறாள். ஐந்தாவது வாரம் வரவில்லை. சங்கமே மூடிவிட்டது என்று அவள் தன் தோழிகளிடம் சொன்னாள். அவர்களும் வரவில்லை. நூல்கள்மீது தாங்கள் கண்ட தூசி அப்படி வந்தது.

10. எனக்கு எச்சரிக்கையே இல்லை என்று சொல்ல முடியாது. ஜூலைக்கும் அக்டோபருக்கும் இடையில், மடல் வரவில்லை என்று மூன்று பேர் எழுதினார்கள். மூவருக்கும் ஒரே பதில்: ஸ்பேம் பெட்டியைச் சரிபாருங்கள். முதல் பதிலைத்தான் எழுதினேன். மற்ற இரண்டும் அதன் நகல். மூவரில் ஒருத்தி அந்த மாணவி.

11. செப்டம்பர் ஆண்டறிக்கையில் "செயலில் உள்ள உறுப்பினர்கள்" என்ற இடத்தில் கருவி காட்டிய எண்ணை எழுதினேன். 41. பதிவேட்டை எடுத்து எண்ணியிருக்கலாம். பதிவேடு அதே அறையில், மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது.

12. தங்கள் நேராய்வு பற்றி எல்லா உறுப்பினர்களுக்கும் தெரிவிக்கும்படி ஜனவரியில் எழுதினீர்கள். செய்திமடலில் போட்டேன். "வருகிறேன்" என்று ஒரு பச்சைப் பொத்தான் வைத்தேன். இருபத்தாறு பேர் அழுத்தினார்கள். வந்தவர்கள் நான்கு தன்னார்வலர்கள். நால்வருக்கும் கண் தெரியும். தாங்கள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க படிக்கிறவங்க எங்கம்மா?" என்று கேட்டீர்கள். குறைந்துவிட்டார்கள் ஐயா என்றேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. உண்மையா என்று பார்க்கவும் இல்லை.

13. ஆணை வந்த செய்தியை நூலகக் காவலாளி சொல்லி ஆபரேட்டர் சார் அறிந்தார். மார்ச் 2 அன்று என்னை அழைத்தார். அறையைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது: "நான் என்னம்மா தப்பு பண்ணேன், என் பேரை எடுத்துட்டே?"

எட்டு மாதம் அவர் அதை மனதில் வைத்திருந்தார். ஏன் முன்பே கேட்கவில்லை என்றேன். "வேண்டாம்னு சொன்ன எடத்துல போய் ஏன்னு கேக்குற பழக்கம் எனக்கு இல்லம்மா."

14. அன்று அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய கணினி, திரையில் உள்ள எழுத்தைக் குரலாகப் படிக்கும். அஞ்சலில் படங்கள் வராதபடி வைத்திருக்கிறார். பார்வையற்றவர்கள் பலரும் அப்படித்தான் வைத்திருப்பார்களாம். "படம் இருந்தா அது படம், படம், படம்னு கத்தும்மா. யாரு கேக்குறது?" என்றார். அவர் பெயரை மறுபடி சேர்த்து, ஒரு மடல் அனுப்பினேன். வந்தது. முழுவதும் கேட்டார். ஓர் இடத்தில் சிரித்தார். ஒரு தேதி தவறு என்று திருத்தினார். பக்கத்தில் உட்கார்ந்து என் கைப்பேசியில் கருவியைப் பார்த்தேன். அவர் பெயருக்கு எதிரே "திறக்கவில்லை" என்று இருந்தது.

15. காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு படத்தை அந்தக் கருவி ஒவ்வொரு மடலிலும் ஒட்டி அனுப்புகிறது. படம் திரையில் இறங்கினால், மடல் திறக்கப்பட்டதாகக் கணக்கு. இறங்காவிட்டால், அவர் படிக்கவே இல்லை. ஜூலைவரை வந்த ஒவ்வொரு இதழையும் வரிவரியாகக் கேட்டவர்களைத்தான் அது நீக்கியது. படிக்காமல் படத்தை மட்டும் புரட்டியவர்களை வைத்துக்கொண்டது. அந்த நாற்பத்தொரு பேரில் மூவர் மங்கலான பார்வை உள்ள உறுப்பினர்கள். மற்ற எல்லோருக்கும் கண் தெரியும். இரண்டு முகவரிகள் என்னுடையவை.

கருவியின் மேல் பழி போட்டு இதை எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். தான் என்ன செய்யும் என்பதை அது டிக்குக்குக் கீழேயே சொல்லியிருந்தது. யாருக்கு மடல் அனுப்புகிறேன் என்று அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

16. மார்ச் 3 முதல் ஆபரேட்டர் சார் தினமும் தொலைபேசியில் இருக்கிறார். 271 பேரில் தன்னையும் சேர்த்து 243 பேர் இன்னும் சங்கத்தில் இருப்பது உறுதியாகிவிட்டது என்கிறார். இருவர் இறந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லியிருப்பேன். மற்றவர்களின் எண்கள் மாறியிருக்கின்றன, தேடுகிறோம். சென்ற ஞாயிறு அறையைத் திறந்தோம். ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. அந்த மாணவியும் வந்தாள். என் குரலைக் கேட்டதும், "உங்க லெட்டர் ரொம்ப அழகா இருக்குமாமே அக்கா, பாத்தவங்க சொன்னாங்க" என்றாள். அறை முழுவதும் சிரித்தது. பிறகு தன் இடத்துக்குப் போய், ஆகஸ்ட்டில் விட்ட நூலைக் கேட்டாள். எந்தப் பக்கத்தில் விட்டாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது.

17. எனவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

அ) பிப்ரவரி 27 ஆணையை நிறுத்திவைக்க வேண்டும்.

ஆ) ஆண்டறிக்கையில் உள்ள 41 என்ற எண்ணை நீக்கி, இத்துடன் வைத்துள்ள பதிவேட்டு நகலின்படி எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ள வேண்டும். தவறான தகவல் கொடுத்ததற்கு நடவடிக்கை உண்டு என்றால், அது என்மேல் இருக்கட்டும். அறையின்மேல் வேண்டாம்.

இ) ஏதாவது ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் மறு ஆய்வுக்கு வர வேண்டும். முன்னறிவிப்பு தேவையில்லை. இந்த முறை நான் யாருக்கும் தெரிவிக்கப் போவதும் இல்லை.

ஈ) ஆண்டறிக்கையோடு நான் இணைத்திருந்த அட்டவணை பயனுள்ளது என்று தங்கள் அலுவலகம் அதை வேறு பதினொரு சிறு அமைப்புகளுக்கு அனுப்பிவைத்தது. அவற்றில் முதியோர் மன்றம் ஒன்றும், காது கேளாதோர் பள்ளி ஒன்றும் உண்டு. அட்டவணையைத் திரும்பப் பெறுகிறேன். திருத்திய அட்டவணை இணைப்பில் உள்ளது. அதில் முதல் கட்டம்: இந்த மடலைப் பெறப் போகிறவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து அனுப்பிப் பார்த்தீர்களா? அதற்கு மதிப்பெண் கிடையாது. ஆம், இல்லை மட்டுமே. பழைய அட்டவணை போன அதே பதினொரு இடங்களுக்கும் இதையும் அனுப்பிவைக்க வேண்டும்.

18. உறுப்பினர்களின் கையெழுத்துகள் 131 இணைத்துள்ளேன்: சென்ற ஞாயிறு வந்தவர்களுடையவை ஐம்பத்தெட்டு, பிறகு வீடு வீடாகப் போய் வாங்கியவை எழுபத்துமூன்று. நடுவில் நீளமாக வெட்டிய அட்டையைத் தாள்மேல் வைத்து, அந்த இடைவெளிக்குள் கையெழுத்திடுவது எங்கள் வழக்கம். அந்த ஞாயிறு ஐம்பத்தெட்டுப் பேருக்கு இரண்டு அட்டைகளே இருந்தன. காத்திருக்கப் பொறுமையில்லாமல் பலர் அட்டை இல்லாமலே போட்டுவிட்டார்கள். சில கையெழுத்துகள் கோட்டைத் தாண்டியிருக்கும். இரண்டு ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கின்றன. அவற்றையும் எண்ணிக்கொள்ள வேண்டுகிறேன்.

19. இம்மனுவை எல்லோருக்கும் தொலைபேசியில் படித்துக்காட்டப் போகிறவர் ஆபரேட்டர் சார். நான் சொல்லச் சொல்ல பிரெய்லில் குத்திக்கொண்டார். நீளமாக இருக்கிறது என்று இரண்டு முறை பெருமூச்சு விட்டார். முடிந்ததும் விரலால் ஒருமுறை மேலிருந்து கீழ்வரை ஓட்டிவிட்டுச் சொன்னார்: "மன்னிப்ப அஞ்சு எடத்துல கேட்டிருக்கே. ரூம ஒரு எடத்துலதாம்மா கேட்டிருக்கே."

ஐந்தையும் அடித்துவிட்டேன். அந்த இடங்கள் காலியாகவே இருக்கட்டும்.

அந்த அறை எங்களுக்கு வேண்டும் ஐயா.

அந்த அறை எங்களுக்கு வேண்டும்.

இணைப்பு:
1. உறுப்பினர் பதிவேட்டின் நகல்
2. 131 கையெழுத்துகள்
3. திருத்திய அட்டவணை
4. கதவிலிருந்து கிழித்தெடுத்த அறிவிப்பு

இடம்: அறை எண் 3
நாள்: மார்ச் 14

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
(கையொப்பம்)
செயலாளர்

நகல்: உறுப்பினர்கள் அனைவருக்கும், வியாழக்கிழமை, தொலைபேசி வழியாக.